கடைசியில் வீடு வந்து சேர்கிற இரண்டு பேர்

அத்தியாயம் 11

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்த ஷரிபுதீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம் பார்த்து றுகையா அதைச் சொல்லிவிட்டாள். போன வாரம் அந்த இடத்தில்தான் அவளை விட்டுவிட்டு வந்தோம். சொன்ன கையோடு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கே பட்டுவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மருமகன் கஞ்சா அடிக்கிறார். அதுதான் அவள் சொன்னது.

றுகையா எடுத்ததற்கெல்லாம் வாய் திறக்கிறவள் இல்லை. ஆதாரம் சேர்த்த பிறகுதான் திறப்பாள். சாய்ந்தமருதில் அவள் இருக்கிற வீதியில் கோழி காணாமல் போனால்கூட முதலில் அவளிடம்தான் வந்து கேட்பார்கள். இந்த விஷயத்திலும் அவள் அவசரப்படவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் றிஸ்னாவின் மாப்பிள்ளை ஸிராஜ் மருதமுனைக்காரர். அவரும் கட்டாரில் உழைத்துவிட்டு வந்ததாகச் சொன்ன கூட்டாளி முஸ்தாக்கும் ஒலுவில் துறைமுகத்தில் மீன்பிடிக்கிற ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறார்கள். பகல் சாப்பாட்டுக்கு இருவரும் முஸ்தாக்கின் ஓட்டோவில் வந்துவிடுவார்கள். சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். யன்னலைச் சாத்துவார்கள். போதாததற்கு மின்விசிறியையும் நிறுத்துவார்கள். கச்சான் காற்று அனலாய் வீசுகிற மாதத்தில், உச்சிப் பகலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உள்ளே இருக்க ஒரு மனுஷனுக்கு என்ன தேவை? புகை கலையக் கூடாது, வெளியே போகக் கூடாது என்பதைத் தவிர?

உள்ளேயிருந்து சிரிப்பு வரும். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. வெளியே வரும்போது இருவருக்கும் உடம்பெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் சிவப்பு. வந்ததும் மறுபடி பசிக்கிறது என்று சோற்றுச் சட்டியைத் திறப்பார்கள்.

நேற்று அந்தக் கதவுப் பக்கம் கூட்டுவதற்குத் தும்புத்தடியோடு போனவளின் காதில் பேச்சும் விழுந்தது.

“சரக்க எங்கடா ஒளிச்ச?”

“போட்டுக்குள்ள மச்சான்.”

“எடுடா. ரெண்டு இழுவ இழுத்திட்டு யோசிப்பம். பொலிஸ் வர இன்னும் நேரம் இரிக்கி.”

இதற்குமேல் ஒரு தாய்க்கு என்ன ஆதாரம் வேண்டும்?

மருமகனிடமே கேட்டிருக்கலாமே என்று வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்கள் நினைக்கக் கூடும். அதுதான் முடியாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒரே கூரை, ஒரே குசினி. ஆனால் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. இப்போது பல வீடுகளில் அந்த வழக்கம் எடுபட்டுப் போய்விட்டது. றுகையாவின் வீட்டில் போகவில்லை. மருமகன் ஹோலுக்குள் வந்தால் அவள் குசினித் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். சோற்றுக்கு இன்னும் ஆணம் வேண்டுமா என்பதும் றிஸ்னா வழியாகப் போகும், போதும் என்பதும் றிஸ்னா வழியாகத்தான் வரும். மருமகனின் கண் சிவந்திருப்பதைக் கண்டுபிடித்தவளுக்கு, அது சிவக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது.

காலையில் ஷரிபுதீன் எல்லாவற்றையும் கேட்டார். கத்தவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

“இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு பள்ளிவாசல்ல கூட்டம்” என்றார். “ஒவ்வொரு மரைக்காரும் தன்ட குடியில ஆரு போதப்பொருள் பாவிக்கிறான் எண்டு பேரச் சொல்லணும். பள்ளி அந்தப் பேர பொலிசுக்குக் குடுக்கும்.”

ஷரிபுதீன் அவர்கள் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, பள்ளியில் பேசுகிற மரைக்கார். பள்ளி நிருவாகத்தில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது.

“அதுக்கு இப்ப என்ன?” என்றாள் றுகையா.

“என்ட வீட்டுல இருந்து தொடங்கினாத்தான் ஊரு நம்பும்.”

“நம்மட புள்ள வயித்துப் புள்ளயோட இரிக்கிறாள். அத யோசிங்க.”

“ஊர்ல மத்த உம்மாமாரும் புள்ளயளத்தான் பெத்து வெச்சிரிக்காங்க.”

தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டுத் தன் சிவப்பு மோட்டார் சைக்கிளை எடுத்தார். நாவிதன்வெளியில் அவருடைய வயலில் இன்றைக்கு நெல்லுக்கு மெசின் வெட்டு.

இப்படித்தான் அந்த நாள் தொடங்கியது.

பகல்வரை றுகையா அவருக்குக் கைபேசியில் எடுத்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து நின்றது. வெட்டு நாளில் அவர் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிடுவார். கைபேசி சட்டைப் பைக்குள் கிடக்கும். பக்கத்தில் வெட்டுகிற மெசினின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

‘ஒரு வார்த்தை மருமகனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.’ அவ்வளவுதான் அவள் சொல்ல நினைத்தது. பேரைச் சொன்ன பிறகு பொலிஸ் வீட்டுக்கு வரும். அக்கம்பக்கம் வேலியில் நிற்கும். ஸிராஜ் உடுப்பை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போய்விடுவார். ஒருமுறை இந்தப் படியிலிருந்து அவமானப்பட்டு இறங்கிய மாப்பிள்ளை திரும்பி ஏறுவாரா? வயிற்றில் இருக்கிற பிள்ளை யார் முகத்தைப் பார்த்து வளரும்?

றிஸ்னாவுக்கு இன்று கல்முனையில் ஸ்கேன். பகல் திரும்பியதும் பக்கத்து வளவு றிப்னாவோடு புறப்பட்டாள்.

“உம்மா, அவர் வந்தா சோத்த மேசையில வெச்சிருங்க. என்ட நம்பர் வர அஸராகிடும். மறுகா வந்து கூட்டிப் போகச் சொல்லிரிக்கன்.” வாசலில் நின்று திரும்பினாள். “என்னம்மா, முகமெல்லாம் ஒரு மாதிரி?”

“ஒண்டும் இல்ல. வெயில்.”

வேறு என்ன சொல்வது? அவளிடம் சொல்லவும் முடியாது, அவள் வழியாகச் சொல்லியனுப்பவும் முடியாது. வாசல் கடப்பைத் தாண்டி மகள் போனபோது, இந்த வீட்டில் மாமிக்கும் மருமகனுக்கும் இருந்த ஒரே வழியும் போனது.

ஓட்டோ வந்தது. பாறை மீன் ஆணமும் கத்தரிக்காய்ப் பொரியலும் மேசையில் மூடி வைத்துவிட்டு அவள் திரைக்குப் பின்னால் போனாள். இருவரும் சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். அறைக்குள் போனார்கள். கதவு. யன்னல். மின்விசிறியின் சத்தம் தேய்ந்து நின்றது.

றுகையாவின் கால் தானாக நடந்தது. குசினிக் கதவால் இறங்கி, வளவைச் சுற்றி, அறையின் பின்பக்கம் போனாள். அந்த யன்னல் பலகையில் ஒரு வெடிப்பு இருந்தது. மாப்பிள்ளை இருக்கிற அறைக்குள் எட்டிப் பார்ப்பது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு என்று அவளுக்குத் தெரியும். யா அல்லாஹ் என்னை மன்னித்துவிடு என்று சொல்லிக்கொண்டுதான் கண்ணை வைத்தாள்.

புகை இல்லை.

ஸிராஜும் முஸ்தாக்கும் கட்டிலில் குப்புறக் கிடந்தார்கள். இரண்டு தலைக்கும் சேர்த்து ஒரே போர்வை. போர்வைக்குள் ஒரு கைபேசியின் வெளிச்சம். எதிரே மடிக்கணினியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள், ஒருவன் குண்டு, ஒருவன் ஒல்லி, படுக்கைக்குப் போகிற உடுப்போடு மீன் சந்தைக்குள் விழுந்தடித்து ஓடினார்கள். பின்னால் துவக்கும் கையுமாக நாலைந்து முரடர்கள்.

குண்டன் வாயைத் திறந்தான். போர்வைக்குள் இருந்து ஸிராஜின் குரல் வந்தது. “நில்லுடா மச்சான், என்ட செருப்பு!”

ஒல்லியன் வாயைத் திறந்தான். முஸ்தாக்கின் குரல். “உசிரு போகப் போகுது, உனக்குச் செருப்பா?”

“பெருநாளைக்கு உம்மா வாங்கித் தந்த செருப்புடா!”

திரையில் ஒரு லொறி வெடித்து வானத்துக்குப் போனது. குண்டன் அதைக்கூடப் பார்க்காமல் திரும்பி ஓடிச் செருப்பை எடுத்தான். போர்வை குலுங்கியது.

“சிரிக்காதடா, ரெக்கோட் ஆகுது. ஃபேன நிப்பாட்டினதுக்குப் பலன் வேணாமா?”

றுகையாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டால் வாயைப் பொத்தினாள். கதவு, யன்னல், மின்விசிறி, வியர்வை, சிரிப்பு, ‘சரக்க எங்கடா ஒளிச்ச’. எல்லாம் படத்துக்குக் குரல் கொடுக்கிற வேலை. கண் சிவப்பு? போட்டுக்கு ஒட்டுப் போடுகிறவனுக்கு ஃபைபர்த் தூள் கண்ணில் விழாமல் வேறு எங்கே விழும்? பசி? விடிந்ததிலிருந்து வெயிலில் உழைக்கிற இளந்தாரிக்குப் பசிக்காதா?

சிரிப்பு வந்த வேகத்திலேயே நின்றது. அஸருக்கு அதிக நேரம் இல்லை.

மறுபடி ஷரிபுதீனுக்கு எடுத்தாள். மணி அடித்து நின்றது.

வீட்டுக்குள் வந்தாள். அறைக் கதவின் முன்னால் நின்றாள். மகள் இல்லை. அனுப்ப ஒரு ஆள் இல்லை. கதவைத் தட்டினாள்.

“றிஸ்னா? அதுக்குள்ள வந்திட்டியா?”

“நான்தான்” என்றாள் றுகையா.

உள்ளே போர்வையை உதறி எழுகிற சத்தம். பிறகு கதவு திறந்தது. மாமியைக் கண்ட ஸிராஜ் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவு நிலையைப் பார்த்தாள். ஒருவர் சுவரையும் ஒருவர் நிலையையும் பார்த்தபடிதான் அந்த வீட்டின் முதல் மாமி மருமகன் பேச்சு நடந்தது.

“மருமகன், நான் ஒரு பிழ செஞ்சிட்டன்.”

“என்ன மாமி?”

சொன்னாள். நின்று நின்று, ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கதவால் ஒட்டுக் கேட்டதையும் யன்னலால் பார்த்ததையும்கூடச் சொன்னாள். ஸிராஜின் காது சிவந்தது. கடைசியில் ‘என்ட வீட்டுல இருந்து தொடங்கினாத்தான்’ என்று ஷரிபுதீன் சொன்னதைச் சொன்னபோது, அறைக்குள் நின்ற முஸ்தாக் மடிக்கணினியை மூடினான்.

“மாமா வயல்ல இருந்து கிட்டங்கிப் பாலத்தாலதானே வருவார்?” என்று கேட்டான். “சுறுக்காப் போனா மடக்கிப் புடிக்கலாம். நீங்களும் வாங்க மாமி. நாங்க ரெண்டு பேரும் சொன்னா அவர் நம்பமாட்டார்.”

ஓட்டோவின் பின்பக்கம் ஒட்டுமருந்து வாளி, போத்தல்கள். அதற்குப் பக்கத்தில் றுகையா ஏறினாள். ஸிராஜ் வாளியைப் பார்த்தார், இடத்தைப் பார்த்தார், மாமியின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று தயங்கினார். பிறகு முன்னால் போய் முஸ்தாக்கின் சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்துத் தொற்றிக்கொண்டார்.

அந்த மரியாதைதான் வினையாகிப் போனது.

கல்முனையைத் தாண்டிய உடனே பொலிஸ் கை காட்டியது. ஓட்டோவில் சாரதிக்குப் பக்கத்தில் ஆள் ஏற்றக் கூடாது. கிட்ட வந்த அதிகாரி முதலில் இருவரின் கண்ணைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். ஒரு போத்தலைத் திறந்து மூக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தார்.

“கண் ஏன் சிவப்பு? இது என்ன சாமான்?”

ஸிராஜ் போட்டு என்றார், ஒட்டு என்றார், தூள் என்றார். வாய் குழறியது. பயத்தில் உண்மை சொன்னால் அதுவும் பொய் போலத்தான் கேட்கிறது. காலையில் தானும் இப்படித்தானே நம்பினோம் என்று றுகையாவுக்கு உறைத்தது.

அதிகாரி அவள் பக்கம் குனிந்தார். “அம்மா, இந்த ஆள் யாரு?”

“என்ட மருமகன் சேர்.” வெளி மனுஷர் முன்னால் அந்தச் சொல்லை அவள் இதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகு தைரியமும் வந்தது. “ஒலுவில்ல போட்டு ஒட்டுற வேல. அந்தத் தூள்தான் கண்ணுல. இது ஒட்டுற மருந்து.”

“மற்ற ஆள்?”

ஒரு கணம்தான் யோசித்தாள்.

“அவரும் எங்கட வீட்டு ஆள்தான்.”

வாளியை இறக்கிப் பார்த்து, சீட்டைத் தூக்கிப் பார்த்து, பத்திரங்களைப் பார்த்து, அவர்கள் கடமையைச் செய்து முடித்தார்கள். “நீங்க பின்னுக்குப் போங்க” என்று ஸிராஜைப் பின்னால் ஏற்றினார்கள். மாமி ஒரு ஓரம், மருமகன் மறு ஓரம், நடுவில் வாளி. வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. முஸ்தாக் ஓட்டோவை விரட்டினான்.

கிட்டங்கிப் பாலத்தில் காற்று மண்ணை அள்ளி வீசியது. நெல் மூட்டை ஏற்றிய உழவு மெசின்கள் வந்தன. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஒவ்வொன்றையும் றுகையா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஷரிபுதீன் வரவில்லை.

சும்மா நின்றால் பயம் கூடுகிறது. அவள் வாளியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “அந்தக் கண்றாவிப் படத்துல அப்பிடி என்னதான் இரிக்கி? கஞ்சா அடிச்சிட்டு ஓடுறானுகள், உழுந்து எழும்புறானுகள். அதப் போய்க் குரல் குடுத்து, வெளிய உட்டு...”

“நெட்டுல உட்டா ஆயிரக்கணக்கில சனம் பாக்குது மாமி” என்றார் ஸிராஜ். “மத்தப் படத்துல ஒரு வீரன் வருவான். அவனுக்கு எல்லாம் தெரியும். இதுல ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியா. துவக்குப் புடிக்கத் தெரியா, பொய் சொல்லத் தெரியா. பயந்து நடுங்கிக்கிட்டே ஒருத்தன் மத்தவனக் காப்பாத்துறான். பாக்கிற நமக்கு அட, நம்மள மாதிரித்தானே இரிக்கானுகள் எண்டு வரும்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். “வில்லன்ட பொண்டாட்டிக்குக் குரல் குடுத்தது ஆரு தெரியுமா? உங்கட மகள்தான்.”

“எங்கட றிஸ்னாவா?”

“ஓம் மாமி. அவ கத்துற கத்துல வில்லனே பயந்திருவான்.”

அந்தக் கலக்கத்திலும் அவளுக்கு உதடு விரிந்தது. அப்போதுதான் முஸ்தாக் வாய் திறந்தான். முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினான்.

“மாமி, நீங்க பொலிசுக்கிட்ட என்னயும் வீட்டு ஆள் எண்டு சொன்னீங்க. அதால உங்களுக்கு ஒண்டு சொல்லணும்.”

“டேய், வேணாம்” என்றார் ஸிராஜ்.

“நான் கட்டாருக்குப் போகல்ல மாமி. ஊருக்கு அப்பிடிச் சொன்னதுதான். நான் இருந்தது கொழும்புப் பக்கம், போதைய நிப்பாட்டுற இடத்துல. அதுக்கு முந்தி நான் கிடந்த கிடைய நீங்க பாத்திருந்தா படியில ஏத்தமாட்டீங்க. என்னக் கொண்டு போய்ச் சேத்தவனும் இவன்தான், கூட்டி வந்தவனும் இவன்தான். இவன் ஒருநாளும் தொட்டதில்ல.”

றுகையா முன்கண்ணாடியில் தெரிந்த அவன் கண்ணைப் பார்த்தாள்.

“பகல் சாப்பாட்டு நேரம்தான் எனக்குப் பொல்லாத நேரம். வேல இல்லாம, கூட்டு இல்லாம இருந்தா கால் அங்க இழுக்கும். அதால இவன் பகலைக்கு என்ன உங்கட வீட்டுக்குக் கொண்டு வந்து, போர்வைக்குள்ள போட்டுச் சிரிக்க வெக்கிறான். அந்தப் படம் எனக்கு ஏன் புடிக்கும் தெரியுமா? எல்லாரும் துரத்துறானுகள், சுடுறானுகள், வாகனம் வெடிக்குது. ஆனா கடைசியில ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து சேந்து, கதிரையில உழுந்து சோறு திங்கிறானுகள். எந்தப் படத்த எடுத்தாலும் அப்பிடித்தான்.” குரல் இறங்கியது. “என்னோட சேந்து இழுத்தவனுகள்ல வீட்டுக்கு வந்து சேந்தவன் நான் மட்டும்தான் மாமி.”

அவனுக்கு வருகிற மாதம் நிக்காஹ். மருதமுனையில் பெண் வீட்டார் சம்மதம் சொல்லி, வீட்டுக்குச் சாயமும் அடித்துவிட்டார்கள். இது வெளியே வந்தால் அந்த வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். றுகையாவுக்கு அது சொல்லாமலே விளங்கியது. “சோறு குறைவில்லாம நான் போடுறன் தம்பி, நீங்க வாங்க” என்று மட்டும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

தூரத்தில் அஸர் பாங்கு கேட்டது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகம் பார்க்கக் கூடாது என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை.

“தப்பிட்டார்” என்றார் ஸிராஜ். “நாங்க பொலிசுல நிண்ட நேரம் பாலத்தத் தாண்டிட்டார். திருப்புடா.”

பள்ளியடிக்கு வந்து சேர்ந்தபோது தொழுகை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. மேல்மாடி நிருவாக அறையில் யன்னல்கள் சாத்தியிருந்தன. கூட்டம் தொடங்கிவிட்டது. மதிலோரம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அதில் ஒரு சிவப்பு வண்டி. சக்கரத்தில் காயாத வயல் சேறு. பின் கரியரில் ஒட்டிக்கொண்டிருந்த வைக்கோல்.

“அந்தா, மாமாட பைக்” என்றாள் றுகையா. “மேலதான் இரிக்கார்.”

ஸிராஜ் இறங்கப் போனார். முஸ்தாக் அவர் கையைப் பிடித்தான்.

“நீ போனா கள்ளன் கெஞ்ச வந்த மாதிரி இரிக்கும். மரைக்கார் வாயால உன்ட பேரு வந்தா மறுகா ஆரும் அழிக்க ஏலா. அதுக்கு முந்தி நான் போய் உள்ளதச் சொல்றன். நான்தான், இவன் என்னப் பாத்துக்கிட்டவன் எண்டு.”

“உனக்கென்ன பைத்தியமா? நிக்காஹ் கிடக்குடா!”

“நிக்காஹ் எழுதின வீடு உனக்கு இரிக்கி. வயித்துல புள்ள இரிக்கி. கைய உடுடா.”

கையை உதறிவிட்டு ஓடினான். படியில் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. திரும்பி எடுக்கவில்லை.

ஸிராஜ் நின்ற இடத்தில் நின்றார். அவர் முகத்தை றுகையா இப்போதுதான் கண்ணெடுக்காமல் பார்த்தாள். சின்னப் பிள்ளையின் முகம்.

“தனிய உடாதீங்க மகன்” என்றாள். “பின்னால போங்க.”

அவரும் ஓடினார். ஓட்டோவுக்குள் அவளும் வாளியும்தான் மிச்சம். தன் மருமகன் தப்பிவிடுவார் என்ற நிம்மதி வந்தது. வந்ததற்காக வெட்கமும் வந்தது. ஊரான் பெற்ற பிள்ளையைக் கொடுத்தல்லவா தன் வீட்டை மீட்கிறாள்?

கைபேசி அடித்தது. றிஸ்னா.

“உம்மா, எங்க நிக்கிறீங்க? வீட்டு போனையும் எடுக்கிறீங்க இல்ல. வாப்பா இஞ்ச வந்திரிக்கார்.”

“இஞ்சண்டா எங்க?”

“ஸ்கேன் எடுக்கிற இடத்துலதான். வயல்ல இருந்து நேரா வந்திட்டார், உடம்பெல்லாம் தூசி. கூட்டத்துக்குப் போகல்லியாம். போக மனம் வரல்லியாம். முதல்ல மருமகனோட ஒரு வார்த்த கதைக்கணும் எண்டு சொல்லிட்டுப் பக்கத்துல இரிந்து அழுறார். என்னம்மா நடந்தது? எனக்குப் பயமா இரிக்கி.”

றுகையா மதிலோரம் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு வண்டி. சக்கரத்தில் சேறு. கரியரில் வைக்கோல். வெட்டுக் காலத்தில் இந்த ஊரில் எந்த வண்டியில்தான் சேறும் வைக்கோலும் இல்லை? அந்த வண்டிக்கு அடுத்த வண்டியிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

மறுபடியும் ஆதாரம் சேர்த்திருக்கிறாள்.

கைபேசியைக் காதில் இருந்து எடுக்க மறந்து ஓட்டோவை விட்டு இறங்கினாள். பள்ளி வாசலுக்குள் பெண்கள் அப்படிப் போவதில்லை. வாசல்வரை ஓடி நின்றாள். மேலே பார்த்தாள். மாமி மருமகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இந்த ஊரில் இல்லாத வழக்கம்.

“ஸிராஜ்!”

வீதியில் போன சனம் நின்று பார்த்தது.

“ஸிராஜ்! மாமா அங்க இல்ல! அந்தப் புள்ளய ஒண்டும் சொல்ல உடாதீங்க! ஸிராஜ்!”

மேல்மாடியில் ஒரு யன்னல் திறந்தது. ஸிராஜ் நின்றார். கீழே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அறைக்குள், ஒரு குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அது யாருடைய குரல் என்று றுகையாவுக்கு இப்போது நன்றாகத் தெரியும்.